குதிரைமேல் கட்டிய மனிதர்

அற்புதசாமியைப் பதின்மூன்று முறை பிணமாக்கிக் குதிரைமேல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பதின்மூன்று முறையும் ஊரே கூடி நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பார்க்காத ஒரே ஆள் அவர் மனைவி அக்னஸ்தான்.

அவள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். உறையூரில், அடைக்கலராஜ் சுருட்டுக் கம்பெனிக்குப் பின்புறம் இருந்த சின்னக் கோயிலில் மே மாதக் கடைசி ஞாயிறு திருவிழா. அன்று பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரம் வரை சீது நாடகம் நடக்கும். சீது ஸ்பெயின் தேசத்துப் படைத்தலைவன். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள். எப்போதோ வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சொன்ன கதையை உள்ளூர்ப் பாட்டுக்காரர் ஒருவர் நோட்டில் எழுதி வைத்தாராம். அந்த நோட்டு கோயில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். அதில் இருப்பதெல்லாம் வேதவாக்கு. அதில் இல்லாதது உலகத்தில் நடக்கவே இல்லை.

நோட்டின்படி கதை இது. சீது, அல்போன்சு ராஜாவின் தளபதி. கப்பம் வாங்கிவரப் போனவன் பாதியை ஒளித்துக்கொண்டான் என்று பொறாமைக்காரர்கள் கோள் மூட்ட, ராஜா விசாரிக்காமலே அவனை நாடு கடத்துகிறார். மனைவி சிமேனம்மாளையும் இரண்டு பெண்களையும் ஒரு மடத்தில் விட்டுவிட்டுச் சீது அழுதுகொண்டே போகிறான். போன இடத்தில் கோட்டை கோட்டையாகப் பிடிக்கிறான். ஒவ்வொரு கோட்டையிலிருந்தும், விரட்டிவிட்ட ராஜாவுக்கே குதிரைகளைக் காணிக்கை அனுப்புகிறான். கடைசியில் ராஜா மனம் இளகி, சபை நடுவே அவனைக் கட்டித் தழுவி, ‘நீ கள்ளன் அல்ல’ என்கிறார். அப்புறம் வலேன்சியாப் பட்டணத்தில் சீது நோயில் விழுந்து சாகிறான். வெளியே எதிரி புக்கார் ராஜாவின் படை வளைத்து நிற்கிறது. சாகும்முன் அவன் சொல்லிவைத்தபடி, பிணத்தை முதுகில் பலகை கொடுத்து நிமிர்த்தி, குதிரைமேல் கட்டி, கையில் வாளையும் சேர்த்துக் கட்டிக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். செத்தவன் முன்னால் வர, புக்காரின் படை அலறி அடித்துக்கொண்டு ஓடுகிறது. மங்களம்.

அந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் நிஜக் குதிரை. பாலக்கரை ஜட்கா வண்டிக்காரர் ஹபீபுல்லா தன் வெள்ளைக் குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவருவார். “சீதுங்கறது எங்க சையதுதான், தலைவருன்னு அர்த்தம். எதிராளியே வச்ச மரியாதைப் பேரு அது. அவருக்குக் குதிரை கொடுக்க நான் காசு வாங்கமாட்டேன்” என்பார்.

தாலி கட்டிக்கொண்டவள் கண்ணெதிரே புருஷனைப் பிணமாக்கக் கூடாதாம். ஆகவே பலகையை எடுத்தவுடன் சீது வேஷக்காரரின் மனைவியைக் கோயிலுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டிருக்க வேண்டும். நாடகம் முடிந்து மணி அடித்த பிறகுதான் வெளியே வரலாம். 1950இல் முசிறியிலிருந்து கல்யாணமாகி வந்த நாலாம் மாதம் அக்னஸ் முதல் தடவை உள்ளே போனாள். வெளியே தப்பட்டை அதிர்கிறது, சனம் ‘ஓ’ என்று கத்துகிறது, தனக்கு மட்டும் மெழுகுவர்த்தி. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மணி அடித்ததும் அற்புதசாமி அட்டைக் கவசத்தோடு வியர்த்து ஒழுக உள்ளே வந்து பக்கத்தில் முழந்தாளிட்டார்.

“ஊரே பாக்குது. நான் பாத்தா மட்டும் என்னவாம்?” என்றாள்.

“நீ பாக்காம இருக்கிறதாலதான் நான் பொழச்சு வரேன்” என்று சிரித்தார்.

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. ஆறடி உயரம். அடைக்கலராஜ் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிற இருநூறு பேரில் அவர் கைதான் முதல் கை. சீமைக்குப் போகிற சுருட்டை அவரைத்தான் சுற்றச் சொல்வார்கள். புகையிலைத் தூள் மிதக்கிற கொட்டகையில் காலை ஏழு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் முதுகு வளையாது. அவருக்கு அந்தக் கொட்டகையும் அரண்மனைதான். காரணம் இருந்தது. நாடகத்தில் அல்போன்சு ராஜா வேஷம் முதலாளி அடைக்கலராஜுக்கு. நடிக்கத் தெரியும் என்று யாரும் கொடுக்கவில்லை; வெல்வெட்டு அங்கி அவருடையது, பந்தல் செலவும் அவருடையது. ராஜாவுக்கு இரண்டே காட்சி. ஒன்றில் சீதுவை விரட்டுவார், இன்னொன்றில் தழுவுவார். வருஷா வருஷம் முதலாளி சபை நடுவே தன்னைக் கட்டித் தழுவுவதை அற்புதசாமி போனஸைவிடப் பெரிதாக நினைத்தார். அந்தத் தழுவலில் வாடகை குறையாது, அரிசி வராது என்று அக்னஸுக்குத் தெரியும். ஆனால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள். அப்போதே விட்டிருக்கக் கூடாது.

1959 ஆகஸ்டில் கம்பெனியில் ஒரு கட்டு மேலிலை காணாமல் போயிற்று. சுருட்டுக்கு மேலே சுற்றுகிற முதல்தரப் புகையிலை அது. முதலாளியின் மச்சினன்தான் அதைப் பின்வாசல் வழியாகக் கொடுத்து அனுப்பினான் என்பது கொட்டகையில் கண் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மச்சினனைப் பிடித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. அற்புதசாமியைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. சாயங்காலம் வேலை முடிந்து இருநூறு பேர் வெளியே வருகிற நேரம் பார்த்து, கேட்டருகே நின்று முதலாளி கத்தினார்.

“திருட்டுப் பயலே, இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே!”

அற்புதசாமி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“எடுக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானேங்க?” என்று அக்னஸ் துடித்தாள்.

“ஒரு தடவை சொன்னேன். அவர் கோபத்தில இருக்கார். ஆறட்டும். அடிக்கிற கைதான் அணைக்கும்.”

இந்தப் பழமொழியை யார் கண்டுபிடித்தார்களோ, அடி வாங்கியவர்களாக இருக்க முடியாது. அடுத்த மூன்றரை வருஷம் அந்தக் குடும்பம் இதைத்தான் தின்று வாழ்ந்தது.

ஊரில் வேறு சுருட்டுக் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். அற்புதசாமி போகவில்லை. சீது இன்னொரு ராஜாவுக்குச் சுருட்டுச் சுற்றமாட்டாராம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் ஊன்றினார். அக்னஸ் புத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பெண் டோரதி நாலாம் வகுப்பு. ‘திருட்டுச் சீது மவ’ என்று பள்ளிக்கூடத்தில் பின்னாலிருந்து சடையை இழுத்தார்கள். அவள் வீட்டில் வந்து சொன்னதைக் கேட்டு அற்புதசாமி, “சீதோட பொண்ணுங்களும் கஷ்டப்பட்டாங்கம்மா” என்றார். அக்னஸுக்குக் கையிலிருந்த கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருந்தது.

இதற்கு மேல் ஒன்று செய்தார். கிறிஸ்துமஸுக்கு முசிறியிலிருந்து அக்னஸின் அண்ணன் ஒரு பூவன் தார் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளை வாய்க்கு ஒரு பழம் போவதற்கு முன்னால், தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு அற்புதசாமி முதலாளி பங்களாவுக்குப் போய்விட்டார். வேலைக்காரன் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சீது அனுப்பிய குதிரைகளுக்காவது ராஜா, ‘நல்ல குதிரை’ என்று சொன்னதாக நோட்டில் இருக்கிறது.

1960 மே வந்தது. திருடன் என்று விரட்டப்பட்டவன் சீது வேஷம் கட்டலாமா என்று கோயில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. வேஷம் நேர்ச்சை, சாமிக்கு நேர்ந்துகொண்டது; அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை என்று கோயில் சாமியார் சொல்லிவிட்டார். முதலாளியும் வழக்கம்போல வெல்வெட்டு அங்கியோடு வந்தார். விரட்டுகிற காட்சியில் அன்று அவர் போட்ட கூச்சலில் முன்வரிசைக் குழந்தைகள் அழுதன. அடுத்து, தழுவுகிற காட்சி. அல்போன்சு ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, அற்புதசாமியின் இரண்டு தோளையும் பற்றி, நோட்டில் உள்ளபடி சொன்னார்: “கோளர் சொல் கேட்டு உன்னைக் குலைத்தேன். நீ கள்ளன் அல்ல. என் சபைக்கு வா, சீதே!”

அற்புதசாமி தேம்பித் தேம்பி அழுதார். இந்த வருஷம் நடிப்பு பிரமாதம் என்று சனம் கைதட்டியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்னஸ் மட்டும் கைதட்டவில்லை. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பழைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வைத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“கம்பெனிக்கு. நேத்துச் சொல்லிட்டாருல்ல.”

“அது நாடகம்ங்க.”

“வாய் நாடகம் பேசலாம் அக்னஸ். கை பேசுமா? என் தோளை அவர் எப்படிப் பிடிச்சார்னு எனக்குத்தான் தெரியும்.”

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கேட்டவருக்கு மதி இல்லாமல் இல்லை, நோட்டு இருந்தது. கேட்டில் காவல்காரன் தடியைக் குறுக்கே நீட்டினான். அற்புதசாமி விளக்கம் சொன்னார். ராஜா கூப்பிட்டதை, சபைக்கு வா என்றதை, எல்லாவற்றையும் சொன்னார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க முடியாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். முதலாளியின் கார் வந்தது, ஹாரன் அடித்தது, அவர் ஒதுங்கினார், கார் போயிற்று. தூக்கில் இருந்த சோற்றை மத்தியானம் அக்னஸ்தான் தின்றாள். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்த வருஷம்தான் இருமல் ஆரம்பித்தது. பத்து வருஷம் உள்ளே போன புகையிலைத் தூள் வாடகை கேட்க வந்துவிட்டது. 1962 திருவிழாவில் அவரைக் குதிரைமேல் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது என்று பிறகு அக்னஸ் கேள்விப்பட்டாள். அன்று மணி அடித்து நெடுநேரம் கழித்துத்தான் அவர் கோயிலுக்குள் வந்தார். கையை ஊன்றி உட்கார்ந்தார், முழந்தாளிட முடியவில்லை.

அந்த ஆவணியில் தைரியராஜ் வீட்டுக்கு வந்தான். கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவன், புதிதாக ஆரம்பித்த சங்கத்துக்குச் செயலாளர். நாடகத்தில் புக்கார் ராஜா வேஷம் அவனுக்கு. வருஷா வருஷம் செத்த சீதுவைக் கண்டு பயந்து ஓடுகிறவன்.

“அண்ணே, அந்த மேலிலைக் கட்டை யார் எடுத்தான்னு கண்ணால பாத்தவங்க மூணு பேர் சாட்சி சொல்றேங்கறாங்க. இத்தனை நாள் பயந்து கிடந்தாங்க, இப்பச் சங்கம் இருக்கு. லேபர் கோர்ட்டுல நீங்க ஒரு மனு கொடுத்தாப் போதும். உங்க பேர்ல இருக்கிற கறை போயிடும், வேலையும் திரும்பி வரும். ஸ்ரீரங்கத்தில ஒரு வக்கீல் காசு வாங்காமப் பாக்குறேங்கறார்.”

“முதலாளிய எதுத்து நான் கோர்ட்டு ஏறமாட்டேன்பா.”

“அண்ணே, அவர் உங்களைத் திருடன்னு சொன்னவரு.”

“அவர் சொன்னதை அவர்தான் எடுக்கணும். கோர்ட்டு எடுத்தா அது எடுத்ததாகாது.”

அக்னஸ் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் டாக்டர் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய் அந்த வக்கீலைப் பார்த்தாள். நெற்றி நிறையத் திருமண் இட்ட, ஒடிசலான மனிதர். உட்காரச் சொல்லி, முழுக்கதையையும் கேட்டார். சீது என்ற பேரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“நான் காலேஜில சரித்திரம் வாசிச்சவன்மா. உங்க நாடகத்தில பாதி கதைதான் இருக்கு. ராஜா துரத்தினதும் அந்த மனுஷர் அழுதுண்டு நிக்கலை. நேரே போய் இன்னொரு ராஜாகிட்ட, அவர் துலுக்க ராஜா, அங்கே அஞ்சாறு வருஷம் சேவகம் பண்ணினார். கௌரவமாத்தான் இருந்தார். அப்புறம் செத்துக் குதிரைமேல ஜெயிச்சதெல்லாம் பின்னாடி கட்டின கதை. அவர் போனப்புறம் அந்தப் பட்டணத்தைக் கட்டிக் காத்தது அவர் ஆம்படையாள்தான், மூணு வருஷம். கடைசியில தாக்குப்பிடிக்க முடியாம ஊருக்கு நெருப்பை வச்சுட்டு எல்லாரும் கிளம்பி வந்துட்டா. உங்காத்துக்காரர் வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போறும்மா, கேஸ் நம்ம பக்கம்.”

திரும்புகிற பஸ்ஸில் அக்னஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வருஷமாக நாடகத்தில் சிமேனம்மாளுக்கு அழுகைப் பாட்டைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த வேஷத்தையும் மீசை மழித்த ஆண்பிள்ளைதான் கட்டுவான். மூணு வருஷம் பட்டணத்தைக் காத்தவளாமே! வீட்டுக்குள் காலை வைத்ததும் வக்கீல் சொன்னதை மூச்சு விடாமல் சொன்னாள்.

“உங்க சீது வேற ராஜாகிட்ட வேலைக்குப் போனாராம். நீங்க எதுக்குங்க இந்த வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?”

அற்புதசாமி இருமி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அது நோட்டில இல்ல.”

அவர் மனுக் கொடுக்கவில்லை. தைரியராஜ் அதற்காக விட்டுவிடவில்லை. செப்டம்பரில் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கோரிக்கைகள் ஐந்து. முதலாவது, அற்புதசாமி திருடவில்லை என்று முதலாளி ஒப்புக்கொண்டு அவரை வேலையில் எடுக்க வேண்டும். கூலி உயர்வுகூட இரண்டாவதுதான். இருநூறு பேர் கேட்டுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தார்கள். பதினெட்டு நாள் அடுப்பு எரியாமல் உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அக்னஸுக்கு முதல் குடம் பிடிக்க வழிவிட்டார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் தலை நிமிர்ந்து தெருவில் நடந்தாள்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் முதலாளி அடைக்கலராஜ் பின்தெரு வழியாக நடந்தே அவர்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்த அற்புதசாமி எழப் பார்த்தார், முடியவில்லை. முதலாளி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். நாடகத்தில் பிடிக்கிற அதே பிடி.

“அற்புதம், என் பேரைச் சந்தியில இழுக்கிறானுவ. நீ எனக்கு எதிரா மனுக் கொடுக்கலைன்னு கேள்விப்பட்டேன். உன்னை மாதிரி விசுவாசி எவன் இருக்கான்? நாளைக்கு என்னோட வந்து உன் இடத்தில உக்காரு. வர்ற திருவிழாவில, கொடிமரத்தடியில நின்னு, நீ திருடன் இல்லேன்னு என் வாயாலே சொல்றேன்.”

அற்புதசாமியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அக்னஸ் குறுக்கே வந்து நின்றாள்.

“திருவிழாவுக்கு எட்டு மாசம் இருக்குங்களே ஐயா. இப்பவே தெருவில வந்து சொல்லுங்களேன். நான் நாலு பேரைக் கூப்பிடறேன்.”

“எதுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கும்மா” என்றார் முதலாளி.

அவர் போன பிறகு அக்னஸ் புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உங்களுக்காகத்தானே அத்தனை பேரும் பட்டினி கிடக்கிறார்கள், போகாதீர்கள் என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்து, “ராஜா கூப்பிட்டாச்சு. இனி எல்லாருக்கும் நல்லதுதான் நடக்கும்” என்றார். மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

மறுநாள் அவள் புத்தூரிலிருந்து திரும்பி வருகிறபோது மணி பத்திருக்கும். கம்பெனித் தெருமுனையில் கூட்டம். வையம்பட்டிப் பக்கத்திலிருந்து கூலிக்குப் பிடித்த ஆட்கள் நிறைந்த லாரி ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. லாரியின் முன்பக்கம், டிரைவர் கூரைக்குப் பின்னால், எல்லோர் கண்ணுக்கும் படுகிற மாதிரி அற்புதசாமி நின்றார். நின்றார் என்றா சொல்வது? முதுகுக்கு ஒரு பலகை முட்டுக் கொடுத்திருந்தது. நெஞ்சோடு ஒரு துண்டு, இடுப்போடு ஒரு துண்டு, லாரிச் சட்டத்தில் சேர்த்துக் கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை. தலை காய்ச்சலில் ஆடிற்று. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக இவளிடமிருந்து மறைத்த கடைசிக் காட்சியை அக்னஸ் நட்டநடு வெயிலில் பார்த்தாள். உள்ளே போகக் கோயில் இல்லை. கையில் மெழுகுவர்த்தி இல்லை.

கேட்டுக்குக் குறுக்கே படுத்திருந்த தைரியராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, நீங்களா?”

லாரி கேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எவனுக்காகப் பத்தொன்பது நாள் பட்டினி கிடந்தார்களோ அவனே முதலாளி பக்கம் நிற்கும்போது எதற்குப் படுத்துக் கிடப்பது? ஒருவன் எழுந்தான். இன்னொருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். சிலர் வாய்விட்டு அழுதார்கள். கல்லெறிய ஓங்கியவனின் கையை, “அவர்மேல பட்டுடும்டா” என்று பக்கத்தில் இருந்தவன் பிடித்துக்கொண்டான். தைரியராஜ் கடைசியாக நகர்ந்தான். திருவிழாவில் ஓடுகிற மாதிரி ஓடவில்லை, நடந்துதான் போனான். லாரி உள்ளே நுழைந்தது. சங்கு ஊதியது.

முதலாளி ஜெயித்தார். தைரியராஜோடு சேர்த்து இருபத்திரண்டு பேருக்கு வேலை போயிற்று. மற்றவர்கள் பழைய கூலிக்கே திரும்பினார்கள். அற்புதசாமி பழைய இடத்தில் பதினோரு நாள் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள் மேலிலைமேல் ரத்தம் கக்கினார். இலை வீணாகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயடியில் அக்னஸ் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். அவர்களை அவள் குறைசொல்லவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் ஹபீபுல்லா. அவருடைய வண்டியில்தான் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். டாக்டர்கள் பாடுபட்டுப் பார்த்தார்கள்; நெஞ்சில் பிடித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒருநாள் வண்டியில் வரும்போது அற்புதசாமி, “பாய், அந்த லாரியில நான் எப்படி இருந்தேன்?” என்று கேட்டார். ஹபீபுல்லா குதிரையைப் பார்த்துக்கொண்டே, “நல்லாத்தான் இருந்தீங்க” என்றார். அற்புதசாமி துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்; வீடு வந்துதான் எடுத்தார். அன்றைக்கு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று அக்னஸ் நினைக்கிறாள். ஆனால் புரிந்த பிறகும், “திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள்?” என்று தினமும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

1963 பிப்ரவரியில், திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில், விடிந்து எட்டு மணிக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். நாற்பத்தோரு வயது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முதலாளிக்குத் தெரியாதா? பத்து மணிக்கெல்லாம் பெரிய மாலையோடு வந்துவிட்டார். கோயில் பெட்டியிலிருந்து சீதுவின் அட்டைக் கவசம், கிரீடம், மரவாள், பலகை எல்லாம் பின்னால் வந்தன. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலியும், மூன்று கால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்டூடியோக்காரரும். முதலாளி வாசலில் நின்று, கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

“அற்புதசாமி திருடன் இல்ல. இப்படி ஒரு விசுவாசி இனி பிறக்கப்போறதில்ல.”

சொல்லிவிட்டார். கொடிமரத்தடி இல்லை, திருவிழாவும் இல்லை. இருந்தாலும் அந்த வாயாலேயே சொல்லிவிட்டார். பாயில் கிடந்த முகத்தை அக்னஸ் ஒரு தடவை பார்த்தாள். அது கேட்ட மாதிரி தெரியவில்லை.

“இதைக் கேக்கத்தான் ஐயா மூணரை வருஷம் உக்காந்திருந்தார். அவருக்குக் காது கேட்டப்ப உங்களுக்கு வாய் வரல.”

முதலாளி அதைத் துக்கத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். புதிதாகக் கொண்டுவருகிற சுருட்டுக்குச் சீது மார்க் என்று பேர் வைக்கப்போவதாகவும், சீது வேஷத்தில் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் சுருட்டுப் பெட்டியில் அவர் முகம் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்றும் சொன்னார். செத்தவரை நாற்காலியில் வைத்துப் போட்டோ எடுப்பது ஊரில் நடக்கிறதுதான். யாருக்கும் தப்பாகப் படவில்லை. கோயில் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியை நடுவீட்டில் போட்டார்கள். ஒருவன் பலகையை எடுத்தான். கவசத்தை வைத்திருந்த மற்றவன், பழக்கதோஷத்தில், பதின்மூன்று வருஷமாகச் சொல்லிவந்ததைச் சொன்னான்:

“அண்ணி, நீங்க உள்ள போயிடுங்க. பாக்கக் கூடாது.”

அக்னஸ் எழுந்தாள். உள்ளே போகவில்லை. பாய்க்கு முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“பதிமூணு தடவை உள்ள போனேன். உள்ள போனா அவர் பொழச்சு வருவார்னு சொன்னீங்க. செத்தும் ஜெயிச்சவர்னு இனிமே பேசுவீங்க. யாருக்கு ஜெயிச்சார்னு ஒருத்தராவது சொல்லுங்க பாப்போம்.”

முதலாளி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசல் ஓரத்தில் யாரோ நகர்ந்து வழிவிட, தைரியராஜ் உள்ளே வந்தான். வேலை போன நாளிலிருந்து அந்தப் பக்கமே வராதவன். அவள் முகத்தைப் பார்க்காமல், பிணத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

“அவரைக் கட்டாதீங்க” என்றாள் அக்னஸ். “ஆயுசு பூரா நிமித்தி நிமித்திக் கட்டியாச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷன் படுத்துக்கட்டும்.”

கோயில் ஆளின் கையிலிருந்து பலகையை வாங்கினாள். அவன் கொடுத்துவிட்டான். கொல்லையில், அவரைக் குளிப்பாட்ட வெந்நீர் அடுப்பு மூட்டி ஹபீபுல்லா ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்னஸ் பலகையைக் காலில் வைத்து இரண்டாக முறித்து அடுப்பில் செருகினாள். பழைய மாம்பலகை. உடனே பிடித்துக்கொண்டது.